இழுபடும் வெல்க்ரோ பட்டை வைத்த பெரியவர் டயப்பர்: நான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் அப்பாவுக்கு, பசைப் பட்டை டயப்பரை நிறுத்திவிட்டு இழுபடும் வெல்க்ரோ பட்டை வைத்ததை நான்கு மாதங்களாகப் பயன்படுத்துகிறோம். உறையில் ‘காப்புரிமை பெற்ற பட்டை’ என்று அச்சிட்டிருந்ததை நம்பியே முதல் பையை வாங்கினேன். பட்டை நல்ல பட்டைதான். ஆனால் அதற்குக் காரணம் அந்தச் சொல் அன்று.

பசைப் பட்டையில் பவுடரோ களிம்போ பட்டுவிட்டால் பிடிப்பு போய்விடும். பிரித்துச் சரிசெய்யப் போனால் மேலுறை கிழிந்து, நனையாத டயப்பரையே எறிய நேரும். ஒரு பக்கத்துச் சிறு கொக்கிகள் மறுபக்கத்து வளையங்களில் மாட்டிக்கொள்ளும் வெல்க்ரோவில் அந்தத் தொல்லை இல்லை. ஓர் இரவில் மூன்று முறை திறந்து பார்த்து மூடியும் அது தளரவில்லை. அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைக்கும்போது பட்டையின் அடிப்பகுதி நீண்டு இழுவையை வாங்கிக்கொள்வதால், கொக்கிகள் பிடித்த இடத்திலேயே நிற்கின்றன. பக்கவாட்டில் இழுத்தால் விடாத அதே கொக்கிகள், ஓரத்திலிருந்து உரித்தால் உடனே விட்டுவிடுவதால், ஒரு கையால் அவரைத் தாங்கிக்கொண்டே மறு கையால் திறக்க முடிகிறது. தனியாகப் பராமரிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

நம் ஊரில் வேட்டியில் ஒட்டும் நாயுருவியைப் போன்ற ஒரு செடியின் முட்காய்களை, 1941இல் தம் நாயின் மயிரில் கண்ட சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால்தான் வெல்க்ரோவை உருவாக்கினார். அந்த மூலக் காப்புரிமை 1978இலேயே காலாவதியாகிவிட்டது. ஆகவே இன்று உரிமை கோரப்படுவது கொக்கிக்கும் வளையத்துக்கும் அன்று; எங்கே வைப்பது, எவ்வளவு நீளச் செய்வது போன்ற நுணுக்கங்களுக்கே. டயப்பர்த் தொழிலில் காப்புரிமை வழக்குகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, பெரியவர்களுக்கான பேன்ட் வடிவ டயப்பர் தொடர்பாக எஸ்சிஏ என்ற சுவீடன் நிறுவனம் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் குவாலிட்டி நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கே சான்று. 2003இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிய எஸ்சிஏ, 2010இல்தான் வழக்குத் தொடர்ந்தது. இவ்வளவு தாமதித்தவருக்கு இழப்பீடு உண்டா என்ற கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வழக்குக்கு முந்தைய ஆறு ஆண்டுகள் என்ற சட்ட வரம்புக்குள் நிகழ்ந்த மீறலுக்கு இழப்பீடு கேட்பதைத் தாமதம் என்ற காரணத்தால் மறுக்க முடியாது என்று 2017 மார்ச்சில் ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர், ஒருவர் மாறுபட்டார். அந்த டயப்பர் உடலுக்கு இதமானதா என்பதை நீதிமன்றம் ஆராயவில்லை. அது அதன் வேலையும் அன்று. காப்புரிமை என்பது பிறர் செய்யாமல் தடுக்கும் உரிமையே அல்லாது தரச்சான்று அன்று.

நாங்கள் வாங்கியதில் அந்த வேறுபாடு தெளிவாகவே தெரிந்தது. பட்டையின் கொக்கி முனை கூர்மையாக வெட்டப்பட்டிருப்பதால், முன்பக்க வளையப் பரப்பைத் தாண்டி அது நீட்டிக்கொண்டிருந்த இரண்டு நாள்களில் அப்பாவின் இடுப்பில் சிவந்த கீறல் விழுந்தது. முதியவர்களின் மெலிந்த தோலுக்கு இது சிறிய குறை ஆகாது. போர்வைப் பஞ்சு கொக்கிகளில் சிக்கினாலும் பிடிப்பு குறைகிறது. இப்போது மூடும் வரை பட்டையை மடித்தே வைக்கிறோம்; மூடியபின் நான்கு முனைகளையும் விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கிறோம்.