கழிவுநீர் பைப்ல கேமரா விட்டுப் பார்க்கிறோம்னு வர்றவங்ககிட்ட உஷார்! 38,500 ரூபாய் போச்சு

டாய்லெட் லைன் அடைப்புக்கு ஒரு வீட்டு சர்வீஸ் ஆப்ல ஆள் கூப்பிட்டேன். ஆப் பேரைப் போடல, போட்டா இந்தப் பதிவையே தூக்க வெச்சிடுவானுங்க. பதினஞ்சு வருஷமா கட்டட சைட்ல சூப்பர்வைசரா நிக்கிற எனக்கே 38,500 ரூபாய்க்கு நாமம். வயிறு எரியுது.

வீடு வேளச்சேரி. பின்பக்க டாய்லெட்ல இருந்து கேட் வரைக்கும் 45 அடி லைன், 110 எம்.எம். பிவிசி பைப், நடுநடுவுல திறந்து பார்க்கற மூடி போட்ட தொட்டி, அதாவது சேம்பர், மூணு. அன்னிக்கு முதல் ரெண்டு சேம்பரும் ரொம்பி நிக்குது, கேட் ஓரம் இருக்கற மூணாவது காய்ஞ்சு கிடக்குது. அப்படின்னா அடைப்பு ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல உள்ள 15 அடிக்குள்ளதான். மூணாவதும் ரொம்பியிருந்தா அது தெரு கனெக்‌ஷன் பிரச்சனை, அது மெட்ரோ வாட்டர், அதாவது சென்னை குடிநீர், கழிவுநீர் வாரியத்தோட வேலை. இவ்வளவு தெரிஞ்சும் நீளக் கம்பி (ராடு) விட்டு அடைப்பெடுக்கற ஆளைத் தேடாம ஆப்பைத் திறந்தேன்.

ரெண்டு பேர் வந்தாங்க. கையுறை, ஷூ, தண்ணியை வேகமா பீய்ச்சற ஜெட் மெஷின், பைப்புக்குள்ள விடற கேமரா சுருள்னு ஒரே அமர்க்களம். ஜெட் அடிச்சதும் பத்து நிமிஷத்துல தண்ணி மடமடன்னு இறங்கிடுச்சு. நான் கவுந்தது அந்த நிமிஷத்துலதான். ‘ஏன் அடைச்சுதுன்னும் பார்த்துடலாம் சார்’னு கேமராவை உள்ள விட்டு டேப்லெட்டை என் பக்கம் திருப்பினான். ஜாயிண்ட் விட்டுப்போய் வேர் தொங்குது. ‘நீங்களே பாருங்க சார், பத்தடி மாத்தணும்.’ கண்ணால பார்த்ததுக்கு மேல என்ன கேக்கறது?

கேமரா 3,500. ஜெட் 6,000. பைப் மாத்த 24,000. சேம்பர் உள்பக்கம் கசியாம இருக்க எபாக்சிங்கற பூச்சு பூச 5,000. மொத்தம் 38,500. முதல் 9,500ஐ ஆப்ல கட்டினேன். மீதி 29,000ஐ ‘ஆப்ல போனா ஜிஎஸ்டி சேரும் சார், இந்த நம்பருக்குப் போட்டுடுங்க’ன்னான். போட்டேன். மறுநாள் நான் சைட்டுக்குப் போயிட்டேன், அம்மா மட்டும் வீட்ல. தோண்டி, மூடி, மேல கான்கிரீட் போட்டுட்டுப் போயிட்டாங்க.

ஒன்பதாம் நாள் மறுபடி தண்ணி மேல வந்துடுச்சு.

தெருமுனை பிளம்பர் அண்ணன் மூணாவது சேம்பர்ல இருந்து எதிர்த்திசையில ராடு விட்டார். நாலடியில முட்டுச்சு. கொக்கி போட்டு இழுத்தா ஒரு சிமெண்ட் கட்டி, அதுல சுத்திக்கிட்டு ஒரு துணி. எப்பவோ சேம்பர் பூசும்போது விழுந்த கலவை. ஜெட் அடிச்சவன் அதைக் கரைக்கல, எடுக்கல. மேல படிஞ்சிருந்த கொழுப்புல ஒரு ஓட்டை போட்டான், அவ்வளவுதான். அண்ணன் வாங்கினது 1,200. சந்தேகத்துல புது கான்கிரீட்டை உடைச்சுப் பார்த்தோம். கீழ புது மணல், அதுக்குக் கீழ பழைய பைப் அப்படியே கிடக்குது, ஒரு கீறல்கூட இல்ல!

அப்புறம்தான் அவன் வாட்ஸ்அப்ல அனுப்பின வீடியோவை நிதானமா ஓட்டினேன். அதுல ரெண்டடிக்கு ஒரு ஜாயிண்ட், செங்கல் நிறம். அது பழைய காலத்து பீங்கான் பைப். என்னோடது சாம்பல் நிற பிவிசி, பத்தடிக்குத்தான் ஜாயிண்ட். கேமரா உள்ள போன தூரம் மூலையில மீட்டர் கணக்குல ஓடுது, அது 18.6ல நிக்குது, அதாவது 61 அடி. என் லைனே 45 அடிடா பாவி! எவன் வீட்டுப் பைப்பையோ காட்டியிருக்கான்.

ஆப்காரங்களுக்குப் போன் பண்ணா முதல் நாள் ‘டெக்னீசியன் லீவு’. அடுத்து ‘டிக்கெட் போட்டாச்சு, 48 மணி நேரம்’. அதுக்கடுத்து ‘வாரண்டி பைப்புக்குத்தான் சார், அடைப்புக்கு இல்ல’. பைப்பே மாத்தலையேன்னா, ‘ஆப்ல கட்டினது 9,500 மட்டும்தான், மீதிக்கு நாங்க பொறுப்பில்ல’. 29,000 வாங்கின நம்பர் சுவிட்ச் ஆஃப். கடைசியா அடுத்த சர்வீசுக்கு 10 சதவீதம் தள்ளுபடி கூப்பன் அனுப்பியிருக்காங்க. 38,500 விட்டவனுக்குக் கூப்பன்!

எப்படிச் சோதிக்கணும்னு விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்ப பொறுமை இல்ல. கேமரா விட்டா சேம்பர் வாயிலிருந்து ஆரம்பிச்சு, தூரக் கணக்கு பூஜ்யத்துல இருந்து ஓடறதை நீங்களே உங்க போன்ல படம் எடுங்க. கேமராவே வேணாம்னா, ஒரு சேம்பர்ல டார்ச், அடுத்த சேம்பர்ல முகம் பார்க்கற கண்ணாடி. வெளிச்சம் முழு வட்டமா தெரிஞ்சா பைப் நேரா, காலியா இருக்கு. பைப் மாத்தினா மூடறதுக்கு முன்னாடி ரசமட்டம் வெச்சுப் பாருங்க, பத்தடிக்கு மூணு அங்குலம் வாட்டம் (சரிவு) வேணும். தெரு மேன்ஹோல்ல ஆளை இறக்கறேன்னு எவன் சொன்னாலும் விடாதீங்க, பாதுகாப்புக் கருவி இல்லாம இறக்கறது கையால கழிவு அள்ளறதைத் தடுக்கற 2013 சட்டப்படி குற்றம், உயிரும் போகும். மெட்ரோ வாட்டர் புகார் எண் 1916க்கு போன் பண்ணுங்க. ஆப்புக்கு வெளியே ஒரு ரூபாய்கூட கட்டாதீங்க.

கோபத்துல ஒரு ஸ்டார் போடலாம்னு ஆப்பைத் திறந்தா, ‘வேலை திருப்தி, 5 ஸ்டார்’னு என் பேர்லயே ஏற்கனவே பதிவாகியிருக்கு. வேலைக்கு வந்தவங்க கிளம்பும்போது எங்கம்மாகிட்ட ‘அம்மா, ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க’ன்னு கேட்டு வாங்கிட்டுப் போனது இதுக்குத்தான்.