காலை பதினொரு மணிக்கே மாலை ஏழு மணி டிக்: வீட்டுக்கு ‘மிசி’ (தாதி) வைப்பவர்கள் கவனிக்கவும்

மலேசியா, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சியில் ஆள் கேட்டிருந்தால், இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அப்பாவுக்கு இரண்டாவது ஸ்ட்ரோக். மூக்கில் பால் குழாய், சிறுநீர்க் குழாய், கூடவே இனிப்புநீர் வியாதி. தானாகப் புரண்டு படுக்க முடியாது. முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர், இப்போது கையைத் தூக்கக்கூட ஆள் வேண்டும். நானும் தம்பியும் வேலைக்குப் போகிறோம். ஈப்போவில் ஓர் ஏஜென்சி கிடைத்தது. பகல் 12 மணி நேரம், மாதம் 3,200 வெள்ளி, ஒரு மாத முன்பணம். “கவலையே படாதீங்க அக்கா, வர்றவங்க ஐசியூ-ல வேலை பார்த்த மிசி” என்றார் போனில் பேசியவர்.

வந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். தரையைத் துடைத்துப் பளபளவென்று வைத்தாள். அப்பாவுக்குத் தலை சீவி, பவுடர் போட்டு, திருநீறு பூசிவிடுவாள். பார்க்க வந்த சித்தி, “இந்தப் பொண்ண எங்க புடிச்ச?” என்று கேட்டார். நானும் அதிலேயே மயங்கிவிட்டேன்.

மூன்று வாரம் முடிந்ததும் கிளினிக் கெசிஹாத்தானிலிருந்து (அரசு சுகாதார கிளினிக்) டொமிசிலியரி குழு வந்தது. (ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் படுக்கை நோயாளிகளுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கும், 2014 முதல் இருக்கும் அரசு சேவை. வார்டிலேயே கேளுங்கள்.) வந்த மிசி அப்பாவைச் சரித்து, வால் எலும்புப் பக்கம்தான் முதலில் பார்த்தார். 20 சென் காசு அளவுக்கு ஒரு கருநீலத் திட்டு. பக்கத்துத் தோலைவிடச் சூடாக, கெட்டியாக இருந்தது. படுக்கைப்புண் இப்படித்தான் தொடங்குமாம். நம்மைப் போன்ற கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, கண்ணை நம்பாமல் தொட்டுப் பாருங்கள் என்றார்.

அப்புறம், திருப்பிப் போடும் தாளைக் கேட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடப்பக்கம், வலப்பக்கம் என்று மாற்றிப் படுக்கவைத்து டிக் அடிக்க வேண்டும். அப்போது மணி காலை பதினொன்று. தாளில் மாலை ஏழு வரை டிக் விழுந்திருந்தது.

எனக்கு உடனே, மூக்குக் குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்க்கும் பிஎச் (அமில அளவு) சோதனைத் தாள் பெட்டி ஞாபகம் வந்தது. ஒவ்வொரு முறையும் பால் ஊற்றுவதற்கு முன் குழாய் வழியாக வயிற்று நீரைக் கொஞ்சம் இழுத்து அந்தத் தாளில் வைக்க வேண்டும். பிஎச் 5.5 அல்லது அதற்குக் கீழே காட்டினால்தான் ஊற்றலாம். குழாய் நகர்ந்திருந்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். பெட்டியில் 100 தாள். இரவில் நான் ஊற்றும் இரண்டு வேளைக்கு, 21 நாளில் 42 தாள் எடுத்திருக்கிறேன். எண்ணினேன். மீதி 58. பகலில் ஒரு தாள்கூட எடுக்கப்படவில்லை.

அந்தப் பெண் அழுதுவிட்டாள். “அது எதுக்குன்னே எனக்குத் தெரியாதுக்கா.” அதற்கு முன் மினி மார்க்கெட்டில் கேஷியர், இரண்டே நாள் பயிற்சி. அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அனுப்பியவருக்குப் போன் போட்டால், “நாங்க கேர்கிவர்னுதானே எழுதியிருக்கோம்” என்கிறார். ரசீதை எடுத்துப் பார்த்தேன், மிசி என்று இல்லை, கேர்கிவர் (பராமரிப்பாளர்) என்றுதான் இருக்கிறது. வாய்ச்சொல்லை நம்பியது என் தப்பு.

மிசி என்று யாராவது சொன்னால் சான்றிதழைக் கேளுங்கள். 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டப்படி தாதியர் வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஏபிசி (APC, தொழில் செய்வதற்கான ஆண்டு அனுமதி) சான்றிதழும் இருக்க வேண்டும். இந்த வருஷத்துச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். கேர்கிவர்தான் போதும் என்றால் சரி, ஆனால் முதல் நாள் லீவு போட்டுவிட்டு, உங்கள் முன்னால் ஒரு வேளை பால் ஊற்றச் சொல்லுங்கள். சோதனைத் தாளைத் தொடுகிறாரா, கட்டிலின் தலைப்பக்கத்தை 30 டிகிரிக்குக் குறையாமல் தூக்குகிறாரா, ஊற்றி முடித்து அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். வாரம் ஒருமுறை கையுறை, பேம்பர்ஸ், தாள் எல்லாவற்றையும் எண்ணுங்கள். எண்ணினால் அந்தப் பிள்ளை கோபித்துக்கொள்ளுமோ என்று நான் கூச்சப்பட்டேன்.

இப்போது தம்பி இரவு ஷிப்டுக்கு மாறிவிட்டான். திட்டு மெல்ல மங்கி வருகிறது. முன்பணம் இன்னும் வரவில்லை. கேட்டால், “மூணு மாச ஒப்பந்தம்க்கா” என்கிறார் ஏஜென்சிக்காரர். அந்த டிக் தாளைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.