சிகாகோவா, பெய்ஜிங்கா?

பெண்களின் மனக்குரல் காதில் விழத் தொடங்கும் விளம்பரக்காரனின் கதை இரண்டு முறை படமானது. 2000-இல் நான்சி மேயர்ஸ் இயக்கிய 'வாட் விமன் வான்ட்', சிகாகோவில் நடக்கிறது. மெல் கிப்சனும் ஹெலன் ஹன்ட்டும் நடித்தது. 2011-இல் சென் டாமிங் அதையே பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார். ஆண்டி லாவ், கோங் லி ஜோடி.

சிரிப்புக்கு மூலப்படம்தான். பெண்களுக்கான பொருள்களைத் தன்மேலேயே சோதித்துப் பார்க்கும் கிப்சன், காலில் மெழுகு ஒட்டி முடியைப் பிடுங்கிவிட்டு அலறுகிறாரே, அந்தக் கூச்சமற்ற கோமாளித்தனம் ஆண்டி லாவுக்குக் கைகூடவில்லை. அவர் எப்போதும் கொஞ்சம் நேர்த்தியாகவே இருக்கிறார். அலுவலகத்தில் யார் கண்ணிலும் படாத ஒரு பெண், தான் செத்தாலும் யாருக்கும் தெரியாது என்று நினைப்பதை நாயகன் கேட்டுவிடும் இழையும் மூலப்படத்தில் நெஞ்சைப் பிடிக்கிறது.

ஆனால் நாயகி? கோங் லி வந்து நின்றாலே நாயகனின் மேலதிகாரி என்பது விளங்கிவிடுகிறது. தன் மனக்குரலைக் கேட்டு நாயகன் யோசனைகளைத் திருடுவது தெரியாமல் அவர் தன்னையே சந்தேகிக்கும்போது நமக்கு வலிக்கிறது. ஹன்ட்டும் நன்றாகவே நடித்தார். இந்தக் கம்பீரம் வேறு.

ஒன்றுதான் பார்க்க நேரமென்றால் சிகாகோவுக்கே போங்கள். கோங் லியைப் பிடிக்குமென்றால் பெய்ஜிங்கையும் விடாதீர்கள்.