சாரியா, பார்டனா, கம் அகெய்னா? காதில் விழாததை ஆங்கிலத்தில் மறுபடி கேட்பது

தமிழில் நமக்கு இந்தத் தொல்லை கிடையாது. 'என்ன?' என்றால் நெருக்கம், 'என்னங்க?' என்றால் மரியாதை. ஒரு 'ங்க' போட்டால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் அந்த 'ங்க'வை ஒட்டுவதற்கு இடமே இல்லை. மனசுக்குள் 'என்னங்க?' என்று பணிவாக நினைத்துக்கொண்டு வாய்விட்டு 'வாட்?' என்கிறோம். எதிரில் இருப்பவர் முகம் ஏன் மாறியது என்று பிறகு யோசிக்கிறோம்.

இதற்குப் பயந்து பலர் எடுக்கும் வழி, புரிந்த மாதிரி 'எஸ், எஸ்' என்று தலையாட்டிவிடுவது. நானும் ஆட்டியிருக்கிறேன். ஃபோனில் ஒருவர் 'தர்டீன்' பிரதி கேட்டார், என் காதில் 'தர்ட்டி' விழுந்தது. சந்தேகம் இருந்தும் கேட்கவில்லை. பதினேழு பிரதிகள் வெகுநாள் என் மேசையிலேயே கிடந்தன.

இவ்வளவு வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. 12 மொழிகளின் அன்றாடப் பேச்சைப் பதிவுசெய்து பார்த்து 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் 'என்ன சொன்னீங்க?' என்ற வகைக் கேள்வியைக் கேட்கிறார் என்கிறது. அவர்கள் தத்தம் தாய்மொழியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

எனவே கேட்கலாமா என்பது கேள்வியே இல்லை. எதை வைத்துக் கேட்பது?

முதலில் 'வாட்?', 'சாரி?' இரண்டையும் எடுத்துக்கொள்வோம். வீட்டுக்குள், நண்பர்களுக்குள் 'வாட்?' சகஜம். வெளியே அது 'என்னா?' என்று கழுத்தைத் திருப்புவது போலப் படும். 'சாரி?' அதே அளவு சின்னச் சொல், எங்கும் செல்லும். ஒரே நிபந்தனை, கடைசியில் குரல் மேலே ஏற வேண்டும். குரல் இறங்கினால் அது மன்னிப்பாகிவிடும். நீங்கள் எதற்கு மன்னிப்புக் கேட்கிறீர்கள் என்று அவர் முழிப்பார். 'வாட் டிட் யூ சே?' இலக்கணப்படி குற்றமற்ற வாக்கியம்தான். ஆனால் கொஞ்சம் அழுத்திச் சொன்னால் 'என்ன சொன்னே நீ?' என்று சண்டைக்கு இழுப்பதாகிவிடும். அதைத் தொடாமலிருப்பது நல்லது.

'பார்டன்?' கதை சுவையானது. நம்மில் பலருக்கு இதுதான் மரியாதையின் உச்சம் என்ற எண்ணம். ஆனால் ஆலன் ராஸ் என்ற ஆங்கிலேய மொழியியலாளர், மேட்டுக்குடிப் பேச்சையும் மற்றவர் பேச்சையும் பிரித்துக்காட்டி 1954-இல் எழுதிய கட்டுரையில், 'பார்டன்' மேட்டுக்குடியினர் சொல்லாத சொல் என்று வகைப்படுத்தினார். காதில் விழாவிட்டால் அவர்கள் சொல்வது, நாம் முரடு என்று ஒதுக்கும் அதே 'வாட்?'. மரியாதை சொல்லில் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை என்பதற்கு இதைவிட வேடிக்கையான சாட்சி கிடைக்காது. அதற்காக நாளைக்கே மேலதிகாரியிடம் 'வாட்?' என்று ஆரம்பித்துவிடாதீர்கள், அந்தச் சலுகை நமக்கில்லை. 'பார்டன்?' சொன்னால் இன்று யாரும் தவறாக நினைப்பதில்லை. கொஞ்சம் பழைய வாடை அடிக்கும், அவ்வளவுதான். அதன் அண்ணன் 'ஐ பெக் யுவர் பார்டன்' மட்டும் இருமுனைக் கத்தி. குரல் ஏறினால் பணிவு, இறங்கினால் 'என்ன தைரியம் உனக்கு!'.

'எக்ஸ்கியூஸ் மி?'யிலும் இதே ஆபத்து, அமெரிக்கர்களிடம் கூடுதலாக. மென்மையாகச் சொன்னால் 'சரியாகக் கேட்கவில்லை'. 'மி'யை இழுத்து அழுத்தினால் 'என்னையா சொன்னாய்?'. ஆங்கில ராகம் முழுதாகப் பிடிபடாத வரை இந்த இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

'கம் அகெய்ன்?' நம்மவர்களுக்குப் பிடித்தது. அலுவலகங்களில் நிறையக் காதில் விழுகிறது. தப்பில்லை, ஆனால் தோளில் கைபோடும் தொனி அதற்கு. நேர்காணலுக்குத் தோதுப்படாது. சில சமயம் 'நம்ப முடியலையே' என்ற வியப்பாகவும் கேட்கும்.

அடுத்தது 'ரிப்பீட்'. 'ப்ளீஸ் ரிப்பீட்' என்றால் மரியாதை வந்துவிட்டது என்று நினைக்கிறோம். 'ப்ளீஸ்' போட்டாலும் கட்டளை கட்டளைதான். 'ரிப்பீட் அகெய்ன்' என்பது 'மறுபடியும் மறுபடி'. விமானிகளும் கட்டுப்பாட்டு அறையும் பேசிக்கொள்ளும்போது விதிப்படி வரும் சொல் 'சே அகெய்ன்'. ராணுவ வானொலியிலோ பீரங்கிப் படைக்கு 'ரிப்பீட்' என்று சொன்னால், அதே இடத்தில் மறுபடி சுடு என்று அர்த்தம்! நம் உரையாடலில் குண்டு விழாது. இருந்தாலும் 'குட் யூ சே தட் அகெய்ன்?' என்று கேள்வியாகக் கேட்பது காதுக்கு இதம். இங்கே 'டெல்' வராது, 'சே' தான். 'சொல்லு' என்ற ஒரே வினைக்குப் பழகிய நாம் 'கேன் யூ டெல் அகெய்ன்?' என்று வழுக்கிவிடுகிறோம்.

'வுட் யூ மைண்ட் ரிப்பீட்டிங் தட்?' இன்னும் ஒரு படி மேலே. எழுத்தில் அழகு, வாயில் நீளம். அதற்கு அவர் 'நோ' என்றால் மறுக்கிறார் என்று பயப்பட வேண்டாம், 'ஆட்சேபணை இல்லை' என்கிறார்.

ஃபோனில் நம்மை அறியாமலே மனம் நோகச் செய்யும் ஒரு வாக்கியம் உண்டு: 'யூ ஆர் நாட் கிளியர்'. 'உங்கள் குரல் தெளிவாக விழவில்லை' என்பதுதான் நம் எண்ணம். அவர் காதில் விழுவதோ 'நீங்கள் குழப்பமாகப் பேசுகிறீர்கள்'. பழியை இணைப்பின் மேல் போடுங்கள்: 'த லைன் இஸ் பேட்'. அல்லது உங்கள் மேல்: 'ஐ டிடின்ட் கேட்ச் தட்'. இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்தது. காதுக்கு எட்டவில்லை என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. அதற்குப் பதில் 'ஐ டிடின்ட் அண்டர்ஸ்டாண்ட்' என்றால், அவர் குழந்தைக்குப் பாடம் நடத்துவதுபோல முழுவதையும் முதலிலிருந்து விளக்க ஆரம்பிப்பார். காதில் விழுந்தும் விஷயம் விளங்காதபோதுதான் அது சரி.

என் தேர்வைச் சொல்கிறேன். சின்னச் சொல் வேண்டுமென்றால் 'சாரி?', வாக்கியம் வேண்டுமென்றால் 'சாரி, ஐ டிடின்ட் கேட்ச் தட்'. ஆனால் இவை எல்லாவற்றையும் தோற்கடிக்கும் வகை வேறொன்று இருக்கிறது: எது விழவில்லையோ அதை மட்டும் கேட்பது. 'சாரி, ஆன் விச் டே?' 'யூ செண்ட் இட் டு ஹூ?' விழுந்த பகுதியைத் திருப்பிச் சொல்லி, விழாத இடத்தில் குரலை ஏற்றி நிறுத்தினாலும் போதும்: 'த மீட்டிங் இஸ் அட்...?' மிச்சத்தை அவரே நிரப்புவார். இதில் பணிவுச் சொல் ஒன்றுகூட இல்லாமலே பணிவு இருக்கிறது. மற்றதையெல்லாம் கவனித்துக் கேட்டீர்கள் என்று தெரிகிறது, அவருக்கும் ஒரே ஒரு சொல்தான் வேலை. மேலே சொன்ன ஆய்விலும் மக்கள் முடிந்த இடத்திலெல்லாம் இப்படிக் குறிப்பாகக் கேட்பதையே தேர்ந்தெடுத்தார்கள். ஒன்றுமே விழாதபோதுதான் பொதுவான 'ஆங்?'.

எண்ணாக இருந்தால் இலக்கம் இலக்கமாகக் கேளுங்கள்: 'ஒன் த்ரீ ஆர் த்ரீ ஜீரோ?' ஐந்தோடு குழம்பாதிருக்க ஒன்பதை 'நைனர்' என்றே சொல்வது விமானிகள் வழக்கம். என் பதினேழு பிரதிகளுக்கு இந்த ஒரு கேள்வி போதுமாயிருந்திருக்கும்.

இரண்டாம் முறையும் விழவில்லையா? அதே 'சாரி?'யை மறுபடி வீசாதீர்கள், அவர் அதே வேகத்தில் அதையே சொல்வார். 'குட் யூ சே இட் எ லிட்டில் மோர் ஸ்லோலி?' என்று வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். பெயரென்றால் 'ஹவ் டூ யூ ஸ்பெல் தட்?'. மூன்றாம் முறை வாயை நம்பாமல் 'குட் யூ டெக்ஸ்ட் இட் டு மி?' என்று எழுத்துக்கு மாறிவிடுங்கள்.