கிட்டாரில் வேகம்: படிப்படி முறையும் துண்டு முறையும்

கிட்டாரில் வேகம் கூட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். தாளத்தைத் தட்டிக் காட்டும் கருவியான மெட்ரோநோமை 60-இல் (நிமிடத்துக்கு 60 தட்டு) வைத்து, பிசிறில்லாமல் வாசித்த பிறகே 64, 68 என்று ஏறுவது படிப்படி முறை. எட்ட நினைக்கும் வேகத்திலேயே நான்கைந்து சுரங்களை மட்டும் வாசித்து நிறுத்தி, கையைத் தளர்த்தி, மீண்டும் தொடங்குவது துண்டு முறை. காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் உட்கார்ந்து இரண்டையும் பல ஆண்டுகள் பயின்றிருக்கிறேன்.

சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் சகோதரர்களின் வீணையால் பேர் பெற்ற இந்த ஊரில் படிப்படி முறை புதிதாகத் தோன்றாது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கர்நாடக இசையின் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையை மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், பயிலும்போது தாளம் மாறுவதில்லை; அட்சரத்துக்கு (தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு) ஒன்று, இரண்டு, நான்கு என்று சுரங்களே இரட்டிக்கின்றன. மெட்ரோநோமில் தாளமே சிறிது சிறிதாக விரைவதால், வேகம் கூடியது கைக்குத் தெரிவதில்லை. தட்டுக்கு நான்கு சுரம் என்று கொண்டால், 60-இல் நொடிக்கு நான்கு சுரமும் 120-இல் எட்டுச் சுரமும் வரும். சுத்தமும் காலப்பிரமாணமும் (சீரான வேகமும்) இந்த வழியில்தான் உறுதிப்படுகின்றன. இதன் குறை வேறிடத்தில் இருக்கிறது: 60-இல், மீட்டப் பயன்படும் சிறு வில்லையான பிக்கைத் தந்தியைவிட்டு வெகுதூரம் வீசினாலும் அடுத்த சுரத்துக்குத் திரும்பிவிடலாம்; 120-இல் அதற்கு நேரமில்லை. மாதக்கணக்கில் மெருகேற்றிய அசைவே அங்கே பயன்படாமல் போகும்.

நான் 112-இல் நின்றுபோனேன். அதைத் தாண்டியே தீர்வது என்று ஒரு வாரம், நாளுக்கு இரண்டு மணி நேரம், இடைவெளியின்றி வாசித்தேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சம்மணமிட்டிருந்ததால் கிட்டாரின் கழுத்து தாழ்ந்து, இடது மணிக்கட்டு முழுதாக மடிந்தே இருந்தது. விரல்களை மடக்கும் தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகலான வழியாகவே செல்கின்றன; மணிக்கட்டை மடித்துக்கொண்டு இறுக்கிப் பிடித்தால் அங்கே அழுத்தம் கூடும். எட்டாம் நாள் தவலையைத் தூக்கும்போது சுரீரென்று வலித்தது. "வலிக்கிற கைய எதுக்குப்பா மறுபடி அதுலயே கொண்டுபோய் வைக்கிற?" என்றார் அப்பத்தா. மூன்று வாரம் கிட்டாரைத் தொடவில்லை.

துண்டு முறைக்கு மாறியது அதற்குப் பின்புதான். நான்கு சுரத்தை வேகமாக வாசிக்கும்போது பிக் தானாகவே தந்தியை ஒட்டி அசைகிறது. நிறுத்தம் வருவதால் இறுக்கம் சேர்வதில்லை. 112-இல் நின்றவனை நகர்த்தியது இதுவே. ஆனால் இடக்கையும் வலக்கையும் ஒரே கணத்தில் சேராத பிழையை வேகம் மறைத்துவிடும் என்பதால், புதிதாகத் தொடங்குபவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். முதல் ஆண்டு முழுவதும் அவருக்குப் படிப்படி முறையே போதும். ஓரிடத்தில் நின்றுபோனவர், மெதுவாக வாசித்துக் கையைச் சூடாக்கிய பிறகு, நாளுக்கு ஐந்து நிமிடம் மட்டும் துண்டு முறையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

எந்த முறையானாலும் நாற்காலியில் உட்காருங்கள். வலியோ மரத்துப்போதலோ தெரிந்தால் அன்றைக்கு அத்துடன் எழுந்துவிடுங்கள். தொடங்குமுன், கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பியான ஃப்ரெட்டை ஒட்டி ஒரு சுரத்தை அழுத்தி, ஒலி கரகரக்கும் வரை விரலைத் தளர்த்தி, பின் அது தெளியும் அளவுக்கு மட்டும் மீண்டும் அழுத்திப் பாருங்கள். நான் அதுவரை அழுத்திவந்ததில் பாதிகூட அதற்குத் தேவைப்படவில்லை.