கடலோர வீட்டு இன்வெர்ட்டருக்கு டியூபுலர் பேட்டரியா, லித்தியம் பேட்டரியா?
கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் கோடை விடுமுறைக்கு மட்டும் திறக்கிற வீடென்றால் லித்தியம்தான் சரி. 150 ஏ.எச். (ஆம்பியர் அவர்) டியூபுலரின், அதாவது ஆசிட் பேட்டரியின், 1,800 வாட் அவரில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், 100 ஏ.எச். லித்தியத்தின் 1,280இல் ஆயிரத்தைத் தாராளமாக எடுக்கலாம். இரண்டு ஃபேன், வைஃபை, போன் சார்ஜுக்கு எதுவானாலும் நாலைந்து மணி நேரம் தாங்கும்.

பூட்டிக் கிடக்கும் மாதங்களில்தான் வம்பு. டியூபுலரில் தண்ணீர் அளவு காட்டும் மிதவை சிவப்புக்கு இறங்கிவிட்டால் தகடு காயும். இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியே ஆகவேண்டும். ஆசிட் ஆவியும் உப்புக் காற்றும் சேர்ந்து டெர்மினலில் பச்சை பூக்கும். வயரைக் கழற்றி, சோடா உப்புக் கரைசலில் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, வாசலின் தடவுங்கள்.

லித்தியத்தைப் பாதி சார்ஜில் அணைத்துவிட்டுப் போகலாம். ஆனால் இன்வெர்ட்டரில் லித்தியம் மோடு கட்டாயம் வேண்டும். டியூபுலர் மோடில் சார்ஜ் 15 வோல்ட்டைத் தாண்டினால், பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டான பி.எம்.எஸ். துண்டித்துவிடும். வருஷம் முழுக்க ஆள் இருக்கிற வீட்டுக்கு, விலை குறைந்த டியூபுலரே போதும்.