அயன் உந்தியின் கிரிட் தேய்மானம்: முழுத் துகள் முறையா, கலப்பு முறையா?

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் தம்பி தங்கைமார் ஒரு மடிகணினியை வைத்தே கிரிட் தேய்மானத்தைக் கணித்துப் பார்க்கலாம். அயன் உந்தி என்பது அயன்களை (மின்னேற்றம் பெற்ற அணுக்களை) வேகமாக வெளியே தள்ளி விண்கலத்தை நகர்த்தும் இயந்திரம். அயன்களை முடுக்கும் துளையிட்ட தகடே கிரிட்.

முழுத் துகள் முறையில் அயனோடு இலத்திரனையும் கணினியில் துகளாகவே நகர்த்த வேண்டும். உந்தியில் பயன்படும் செனான் வாயுவின் அயனைவிட இலத்திரன் ஏறத்தாழ 240,000 மடங்கு இலேசு. அதனால் அது மிக வேகமாக ஓடும்; காலப்படி (ஒரு கணிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம்) மிகச் சிறிதாகும், கணினி திணறும்.

கலப்பு முறையில் அயன்கள் மட்டுமே துகள்கள். இலத்திரனைப் போல்ட்ஸ்மன் தொடர்பு (மின்னழுத்தத்திலிருந்து இலத்திரன் அடர்த்தியைத் தரும் சூத்திரம்) பார்த்துக்கொள்ளும். தேய்மானத்துக்கு இதுவே போதும் என்பேன். ஏனென்றால் முடுக்கிக் கிரிட்டை முக்கியமாக அரிப்பது, வேகமான அயன் நடுநிலை அணுவோடு மின்னேற்றம் மாற்றும்போது பிறக்கும் மெதுவான அயன். எதிர்மின் அழுத்தத்தில் இருக்கும் கிரிட் அதை இழுத்து மோதவைக்கிறது. 30,000 மணிநேரத்துக்கு மேல் ஓடிய நாசாவின் என்ஸ்டார் உந்திச் சோதனையிலும் இந்த அரிப்புத் தெரிந்தது.

உந்தியிலிருந்து வெளியேறும் அயன் தாரை இலத்திரன்களால் எப்படி நடுநிலையாகிறது என்று ஆராய வேண்டுமா? சரி, அப்போது முழுத் துகள் முறைக்குப் போங்கள்.